கை தொடும் இடம்

கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் முதன்முதல் நுணுக்குக்காட்டியிற் குளத்து நீரைப் பார்த்தபோது, "கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது ஆகிவிடாது" என்றார் எமது ஆசிரியர். அதன் முழுப்பொருள் விளங்க எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

வைத்தியராய்ப் பணியேற்ற காலத்திற் சத்திரசிகிச்சை விடுதியொன்று எமது பொறுப்பில் இருந்தது. அதன் நிலம் கண்ணாடிபோல் மின்னும். அது கண்டு பெருமிதங் கொள்வோம். அங்கேயே அடுத்தடுத்து மூவருடைய காயங்கள் சீழ்கட்டின. ஒருவர் புகையிலைத் தோட்டக்காரர். ஒரு வாரத்தில் வீடு செல்லவேண்டியவர் ஆறு வாரங் கிடந்தார். நடுகைக் காலமும் தவறியது.

ஆய்வுகூடத்தார் ஈரப்பஞ்சினாற் பல இடங்களைத் துடைத்தெடுத்து வளர்ப்புத் தட்டுகளில் இட்டனர். நாம் ஐயுற்றது நிலத்தை. ஆனால், காயங்களிற் கண்ட அதே பொன்னிறக் கிருமி கட்டிலின் பக்கச் சட்டத்திலும், மின்விளக்கின் ஆளியிலும், நோயாளர் குறிப்பேட்டின் அட்டையிலும் இருந்தது. அவ்வட்டையைப் புரட்டிய கையாலேயே காயக்கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் வேறெவருமல்லர், நாமே.

1847இல் வியன்னா நகர மகப்பேற்று விடுதியொன்றிற் செம்மல்வைசு என்னும் வைத்தியர், பிணமறுத்துப் பயின்ற மாணாக்கரைக் குளோரீன் கலந்த நீரிற் கைகழுவச் செய்தார். ஏப்பிரலில் 100க்கு 18 ஆயிருந்த தாய்மாரின் இறப்பு யூனில் 2 அளவிற்கு இறங்கியது. இக்கதையை நாம் பாடமாய்ப் படித்தவரே. எனினும், கழுவிய கை அழுக்கான சட்டத்தைத் தொட்ட கணமே பழைய கையாகிவிடும் என்பதை எண்ணினோமல்லோம். அப்பொன்னிறக் கிருமி உலர்ந்த பரப்பில் வாரக்கணக்காய், சிலவேளை மாதக்கணக்காய் உயிர்வாழும். மருந்துக்கு அஞ்சாத இனங்களும் அதிலுண்டு. மெதிசிலினுக்கு அடங்காத இனம் 1961இலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டது.

பின்னர் எமது விடுதியிற் சட்டத்தையும் ஆளியையும் அட்டையையும் நாள்தோறும் துடைத்தவர் முதிய சிற்றூழியர் ஒருவர். ஒருநாள் அவர் எம்மைப் பார்த்து, "ஐயா, ஒரு துணியாலை எல்லாக் கட்டிலையும் துடைச்சால் ஊத்தையை நாங்களே பரப்பிற மாதிரியல்லோ?" என்றார். மறுநாள் முதல் கட்டிலுக்கு ஒரு துணி கொடுக்கப்பட்டது. பட்டம் பெற்ற எமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று.

வைத்தியம் பயிலச் செல்லும் எங் கல்லூரி இளைஞர்காள், கைகழுவிய பின் எதைத் தொட்டீர்கள் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். விடுதியைத் துடைப்பவர் பேசும்போது நின்று கேளுங்கள்.