கம்பம் ஏறியவர்

2001-ஆம் ஆண்டு. முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்த நாங்கள் மூவர், வாடகை அறையில் பழைய கணினி ஒன்றைப் பங்கிட்டு வைத்திருந்தோம். லினக்ஸ் இயங்குதளம், சீரியல் போர்ட்டில் ஒரு மோடம், மதுரைத் திட்டத்து மின்னூல்களை இறக்கிக்கொள்ளும் ஆசை. இவையே எங்கள் செல்வம். இணைப்போ சற்று ஓடும். பின் திகைத்து நிற்கும்.

தொலைபேசிக் கம்பியே குற்றவாளி என்று தீர்மானித்தோம். லைன்மேன் இருமுறை மழையில் கம்பம் ஏறி இறங்கி, “லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார். நாங்கள் நம்பவில்லை. கற்ற தமிழையெல்லாம் கொட்டி, அவர்மீது மூன்று பக்கப் புகார்க் கடிதம் ஒன்றை அனுப்பினோம்.

பின்னொரு நாள் இயற்பியல் பயிலும் நண்பர் வந்தார். சீரியல் போர்ட்டில் தவறிய பைட்டுகளின் எண்ணிக்கையை இயங்குதளமே குறித்து வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். வன்தட்டில் கோப்பு எழுதப்படும்போதெல்லாம் அவ்வெண் ஏறியது.

காரணத்தையும் விளக்கினார். போர்ட்டின் வேகம் வினாடிக்கு 115200 பிட். அதாவது 11520 பைட். வருவனவற்றைத் தாங்கும் சில்லில் 16 பைட்டுக்கே இடம். ஏறத்தாழ 1.4 மில்லி வினாடிக்குள் டிரைவர் வந்து அள்ளாவிடில், அடுத்து வருவது தொலையும். ஒரு பைட் தொலைந்தாலும் அது இருந்த பொட்டலம் முழுதும் தள்ளப்பட்டு மீண்டும் அனுப்பப்படவேண்டும். அதுவே எங்கள் திகைப்பு. வன்தட்டு டிரைவரோ, தன் வேலை முடியும்வரை பிறர் எவரும் குறுக்கிடாதபடி கதவடைத்துக்கொண்டிருந்தது.

சில பழைய வன்தட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுகளில் அக்கதவைத் திறந்தால் கோப்புகளே சிதையக்கூடும். எங்களுடையது அவ்வகையன்று என்று உறுதிசெய்துகொண்டு, ‘எச்டிபார்ம்’ என்னும் கருவியால் ஒரே கட்டளை இட்டார். எண் ஏறுவது நின்றது. அன்றிரவு நூல்கள் தடையின்றி இறங்கின.

சீரியல் டிரைவரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மோடமும் கம்பியும் பழையனவே. இழப்பு தெரிந்த இடம் ஒன்று, பிழை இருந்த இடம் வேறொன்று. ஏட்டுச்சுவடிப் பிழைகளைப் பாடமாகப் படித்த எங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதினோம். அக்கடிதம் நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. முந்தையதற்குக் கிடைத்த தமிழ் இதற்குக் கிடைக்கவில்லை.