கேட்டால்தானே சொல்லும்!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி. அதன் பொருளை இந்த ஆண்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, சோப்புப் பெட்டி அளவேயுள்ள ஒரு வெள்ளைப் பெட்டி. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை தரும் பகுதியும் உண்டு. தலைகுனிய வைக்கும் பகுதியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதென்று ஐவரும் கூடிப் பேசி முடிவு செய்தோம்.

எங்கள் பள்ளி நீலகிரியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சாரலும் மூடுபனியும் விடுதிக்குள்ளேயே வந்து குடியேறிவிடும். ஆகவே மாலை ஆறரை மணிக்கே ஸ்டடி ஹாலின் சன்னல்களை எல்லாம் சாத்திவிடுவோம். ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை நாற்பத்தாறு பேர் அங்கே அமர்ந்து படிப்பது வழக்கம். பதினோராம் வகுப்பினராகிய எங்கள் ஐவருக்கும் லீடர் பொறுப்பு. படிக்கும் நேரத்தில் தூங்குகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவது அந்தப் பொறுப்புகளில் ஒன்று.

2025 ஜூலை மாதத்தில் ஒரே பெயரைப் பதினொரு முறை எழுதினோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கை. சுவரோரக் கடைசி பெஞ்சில் அமர்பவள். எழுப்பினால் திடுக்கிட்டு விழிப்பாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் தலை சாய்ந்துவிடும். "சோம்பேறி" என்று அவள் காதுபடவே சொன்னோம். பதினோராவது முறைக்குப் பின் அவள் வீட்டுக்குக் கடிதம் போயிற்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவள் தாயார், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு வந்து அலுவலக வாசலில் நின்றார். "நல்லாப் படிப்பேன்னுதானே கண்ணு உன்னை இங்க விட்டேன்" என்று அவர் மகளிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டைக் கையில் வைத்திருந்த நாங்களும் பேசவில்லை.

ஆகஸ்டு மாதத்தில்தான் பெட்டி வந்தது. இங்கே படித்து, இன்று கோவையில் மின்னணுப் பொறியாளராக இருக்கும் ஓர் அக்கா, அதைத் தாமே செய்து அறிவியல் மன்றத்துக்குப் பரிசாக அனுப்பியிருந்தார். அறைக்குள் இருக்கும் காற்றின் வெப்பம், ஈரப்பதம், கரியமிலவாயுவின் அளவு ஆகியவற்றை அளந்து, கம்பியில்லாமலே அலுவலகக் கணிப்பொறிக்கு அனுப்பும் கருவி அது. ஆனால் பெட்டியில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. "கம்பியைக் கணிப்பொறியில் செருகிக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யுங்கள். அது எழுத்தாலேயே பதில் சொல்லும். எல்லாவற்றையும் அமைத்து முடித்தபின் அந்தக் கம்பி வேண்டியதில்லை" என்று ஒரு தாளில் எழுதியிருந்தார் அக்கா. கீழே பன்னிரண்டு கட்டளைகள்.

அது எப்படி அளக்கிறது என்று இயற்பியல் டீச்சர் விளக்கினார். 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்னும் பெண்மணி, கரியமிலவாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வெயிலில் சாதாரணக் காற்றுள்ள குழாயைவிட அதிகம் சூடேறுவதைக் கண்டறிந்தார். 1859-இல் ஜான் டிண்டல் என்பவர், வாயுக்கள் வெப்பக் கதிர்களை விழுங்குவதை லண்டனில் அளந்து காட்டினார். எங்கள் பெட்டியும் அந்த வழியில் வந்ததே. உள்ளே ஒரு சிறு விளக்கு. எதிரே ஒரு கண். 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைக் கரியமிலவாயு விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி குறைந்து வந்து சேர்கிறதோ, அதைக்கொண்டு வாயுவின் அளவைப் பெட்டி கணக்கிடுகிறது.

முதல் நாள் மாலை கம்பியைச் செருகினோம். திரையில் சதுரங்களும் கேள்விக்குறிகளும், எந்த மொழியிலும் சேராத எழுத்துகளும் கொட்டின. "கெட்டுப்போன பெட்டி" என்று எங்களுள் ஒருத்தி உடனே தீர்ப்புக் கூறிவிட்டாள். கணிப்பொறி டீச்சர் சிரித்தார். "நீங்கள் என்ன வேகத்தில் கேட்கிறீர்கள்? அது என்ன வேகத்தில் பேசுகிறது?" என்றார். கம்பி வழியே செல்லும் எழுத்து ஒவ்வொன்றும் எட்டுத் துணுக்குகளாகப் பிரிந்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு அடையாளம் சேர்த்துப் பத்தாகப் போகிறது. பெட்டி நொடிக்கு 1,15,200 துணுக்குகள் அனுப்புகிறது. நாங்களோ கணிப்பொறியை 9,600-க்கு வைத்திருந்தோம். வேகத்தை மாற்றியதும், "தயார்" என்று பொருள்படும் ஒரு சொல் தெளிவாக வந்து நின்றது. கெட்டுப்போயிருந்தது பெட்டியன்று, எங்கள் செவி.

இரண்டாம் நாள் வேறொரு தொல்லை. "ஹெல்ப்" என்று தட்டினோம். பதில் இல்லை. பத்து முறை தட்டினோம்; பெட்டி ஊமையாகவே இருந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் ஹையர் தேர்வு எழுதித் தேறிய எங்கள் அலுவலக அம்மாதான் வழி சொன்னார். தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ள வேண்டும். வண்டி வலப்பக்கம் திரும்பும், தாளும் ஒரு வரி மேலே ஏறும். கணிப்பொறியிலும் அந்த இரண்டுக்கும் தனித்தனி அடையாளங்கள் இன்றுவரை இருக்கின்றன. அவற்றை அனுப்பும்படி நாங்கள் அமைக்கவில்லை. "நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று அது காத்திருக்கிறது, பிள்ளைகளா" என்றார் அம்மா. அமைப்பை மாற்றியவுடன் பன்னிரண்டு கட்டளைகளும் வரிசையாக வந்து நின்றன. நாங்கள் கைதட்டிய சத்தம் கேட்டு நூலக சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், பள்ளியின் வைஃபையோடு அதை இணைக்க வேண்டும். தலைமையாசிரியை சிஸ்டர் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்து, தட்டி முடித்ததும் தம் முன்னாலேயே கிழித்துப் போடச் சொன்னார். பெயரைத் தட்டினோம், கடவுச்சொல்லைத் தட்டினோம். "தோல்வி" என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் சரிபார்த்தாயிற்று. கடைசியில் அக்காவின் தாளைக் கவனமாகப் படித்தபோது, பெட்டிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும் என்று அடியில் எழுதியிருந்தது. நாங்கள் கொடுத்த பெயரோ 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரியது. இன்னொரு பெயரைக் கொடுத்ததும் இணைந்துகொண்டது. அன்று இரவே மழையில் மின்சாரம் போய் வந்தது. பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது! "சேவ்" என்னும் கட்டளையைத் தட்ட நாங்கள்தான் மறந்திருந்தோம். சிஸ்டரிடம் மறுபடியும் போய் நின்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டுத் தாளை எடுத்தார்.

நான்காம் நாள் நடந்ததுதான் எங்களை உண்மையில் சோதித்தது. பெட்டி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, கூடைப்பந்து மைதானத்தின் நடுவே திறந்த வெளியில் வைத்தோம். பத்து லட்சத்தில் 345 பங்கு என்று காட்டியது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்பவர் அளக்கத் தொடங்கியபோது கரியமிலவாயு ஏறத்தாழ 315 பங்கு. இப்பொழுதோ 420-ஐத் தாண்டிவிட்டது. "அப்படியானால் உலகத்தில் எல்லாரையும்விட நம் மலைக்காற்று தூய்மை!" என்று குதித்தோம். அறிவியல் கண்காட்சிக்கு அதையே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவதென்று அட்டை கூட வாங்கியாயிற்று.

எங்களுள் ஒருத்திக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கட்டளைப் பட்டியலில் "உயரம்" என்று ஒன்று இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறதென்று கேட்டாயா என்றாள். கேட்டோம். "பூஜ்யம்" என்றது பெட்டி. அது கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது! மலைமேல் காற்று மெல்லியது. கடற்கரையில் ஒரு குடத்துக்குள் அடங்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே அதே குடத்துக்குள் இருக்கும். அதனால் கணக்கும் குறைந்துபோயிற்று. 1,800 என்று தட்டி, மறவாமல் "சேவ்" கொடுத்தோம். சிறிது நேரத்தில் 426 என்று காட்டியது. வாங்கிய அட்டையைச் சுருட்டி அலமாரியில் வைத்தோம்.

பிறகு பெட்டியை ஸ்டடி ஹாலில் வைத்தோம். அன்று மாலை 6.45-க்கு 580, 7.30-க்கு 1,240, 8 மணிக்கு 1,830, 9 மணிக்கு 2,710. நாற்பத்தாறு பேர் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் எங்களோடு அமர்ந்திருந்தது. 1858-இலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்னும் அறிஞர், மக்கள் தங்கும் அறையில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டலாகாது என்று எழுதினார். வாயுவே நஞ்சு என்பதற்காக அன்று. காற்று பழையதாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்பதற்காக. அப்படிப்பட்ட அறையில் தலை கனப்பதும் கண் சொக்குவதும் இயல்பு.

அந்த எண்களைக் குறிக்க வெற்றுத் தாள் தேடியபோது கைக்கு வந்தது நீல அட்டை நோட்டு. பின்பக்கம் எழுதலாமென்று திறந்தோம். முன்பக்கத்தில் அந்தத் தங்கையின் பெயர். பெயருக்கு எதிரே நேரம்: 8.10, 8.25, 8.15, 8.40. பதினொரு பதிவுகளில் ஒன்று கூட எட்டு மணிக்கு முன் இல்லை. மற்றவர்கள் பெயர்களும் பெரும்பாலும் அப்படியே. மறு வாரம் பெட்டியை அவள் அமரும் மூலையில் வைத்துப் பார்த்தோம். வாசலருகே வைத்த நாட்களைவிட அங்கே ஏறத்தாழ 300 பங்கு கூடுதல். நாங்கள் ஐவரும் அமர்வது வாசலருகே.

ஐவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பதில் சொல்லாத ஒரு பெட்டியின் முன் நான்கு மாலைகள் பொறுமையாக அமர்ந்திருந்தோம். வேகம் பொருந்தவில்லையோ, வரி முடியவில்லையோ, உயரம் தெரியவில்லையோ என்று ஒவ்வொன்றாக விசாரித்தோம். பதில் சொல்லக்கூடிய ஒரு தங்கையிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. பதினொரு முறை எழுதத் தெரிந்த கைக்கு, ஒரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!

மறுநாள் காலை அவளிடம் போனோம். "எட்டு மணி ஆனா தலை பாரமா ஆயிடுதுக்கா. ஏன்னு எனக்கே தெரியலை. சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பீங்கன்னு பயந்தேன்" என்றாள். மன்னிப்புக் கேட்டோம். அவள் தன் ரிப்பனைத் திருகிக்கொண்டே, "அம்மாகிட்டயும் சொல்லுவீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

எண்களையும் நோட்டையும் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொண்டுபோனோம். இயற்பியல் டீச்சரும் உடன் வந்து, "இது சாட்சிதான், தீர்ப்பு அன்று. ஆனால் இந்தச் சாட்சியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது" என்றார். சிஸ்டர் எல்லாவற்றையும் இருமுறை படித்தார். அன்றே அவர் கைப்பட அந்தத் தாயாருக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். அதன் அடியில் எங்கள் ஐவரின் கையெழுத்தும் உண்டு.

இப்பொழுது காற்றடிக்காத பக்கத்து மேல் சன்னல்கள் மாலையிலும் திறந்தே இருக்கின்றன. எட்டு மணிக்கு மணி அடித்ததும் ஐந்து நிமிடம் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டு எழுந்து நிற்கிறோம். குளிருக்கு ஸ்வெட்டரும் சால்வையும் துணை. ஒன்பது மணிக்குப் பெட்டி 1,300-ஐ ஒட்டியே காட்டுகிறது. பெட்டன்கோஃபர் சொன்ன அளவுக்கு இன்னும் வரவில்லை. அதற்கும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

சன்னல் திறந்தபின்னும் ஒரு நாள் அந்தத் தங்கை மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். எங்களுள் ஒருத்தி எழுந்து போய், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். தொட்டுப் பார்த்தால் நல்ல காய்ச்சல். கைத்தாங்கலாக விடுதி நர்ஸிடம் அழைத்துப்போனோம்.

அன்பான தோழியரே, நீல அட்டை நோட்டு இன்றும் ஸ்டடி ஹாலில்தான் இருக்கிறது. அதில் இப்போது பெயர்கள் எழுதுவதில்லை. பெட்டி சொல்லும் எண்களை மட்டும் எழுதுகிறோம். முன்பக்கத் தாள்களைக் கிழித்துவிடலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. வேண்டாமென்று வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு லீடர்களாக வரப்போகும் தங்கைகள் அவற்றையும் படிக்கட்டும்.

அறிவியல் மன்ற மாணவியர் ஐவர்,
பதினோராம் வகுப்பு