முதலே தெரிந்தவர்களுக்கு மலிவு

ஊரில் ரயிலுக்கு முன்பதிவு செய்வது இடம் பிடிக்கத்தான். கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போக 30 நாளைக்கு முதல் பதிந்தாலும், முதல் நாள் பதிந்தாலும் ஒரே வகுப்புக்கு ஒரே காசு. ஸீற் கிடைக்குமா என்பது மட்டும்தான் கவலை. படிக்கவென்று ஜேர்மனிக்கு வந்த பிறகுதான், முன்பதிவு விலையையே மாற்றும் என்பது எனக்கு விளங்கினது.

இங்கே நெடுந்தூர ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிட நாலைந்து மடங்கு காசு கொடுத்திருக்கலாம். ஆக மலிவான டிக்கெட்டுக்கு ‘சூப்பர் ஷ்பார்பிரைஸ்’ என்று பெயர். வெள்ளனவே எடுத்தால் சிலவேளை 20 யூரோவுக்கும் குறைவு. நாள் நெருங்க, ரயில் நிரம்ப, விலை ஏறும். பதிந்த அந்த ரயிலில்தான் போகவேண்டும், ரத்துச் செய்தால் காசு திரும்பாது. ‘ஃபிளெக்ஸ்பிரைஸ்’ எடுத்தால் அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம். ஆனால் பெர்லினிலிருந்து மியூனிக் போல தூரப் பயணம் என்றால் அது 100 யூரோவைத் தாண்டும்.

வரப்போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கோ. இறங்குகிற இடத்துக்கு ரயில் 20 நிமிடமாவது பிந்தும் என்று தெரிந்தால், மலிவு டிக்கெட்காரரும் வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் பிந்தினால் டிக்கெட் காசில் 25 வீதம், 120 நிமிடம் என்றால் 50 வீதம் திருப்பிக் கேட்கலாம்.

போன வருடம் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் பெர்லினிலிருந்து போனேன். என் வகுப்பு, பரீட்சைத் திகதிகள் எல்லாம் முதலே தெரியும். அதனால் இரண்டு மாதத்துக்கு முதலே டிக்கெட் எடுத்தேன், மலிவாகக் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில் இருக்கிற அண்ணா ஒருவரும் வர ஆசைப்பட்டார். அவர் ரெஸ்டோரண்ட் ஒன்றில் குசினி வேலை. வியாழக்கிழமை போனில் விலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, வாற ஞாயிறு எனக்கு வேலையோ லீவோ எண்டு இண்டைக்குத்தான் தெரியும். ரெண்டு மாசத்துக்கு முன்னம் நான் எங்க நிப்பன் எண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டு, உள்ளூர் ரயில்களில் மாறி மாறி, இரவுதான் ஹம்முக்கு வந்து சேர்ந்தார். நான் மூன்று மணித்தியாலத்துக்குள் போன தூரம் அது.

இந்த விலை முறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வெறுமையாக ஓடுகிற ரயிலில் ஆள் ஏறும், சனம் குறைந்த நேரத்துக்குக் கூட்டம் பிரியும். என்னைப் போன்ற மாணவர்களுக்கு லாபமும்தான். ஆனால் அடுத்த மாதம் தான் எங்கே இருப்பேன் என்று தெரிந்திருப்பதும் ஒரு சொத்து. கடைசி நேரத்தில் கூடிய விலை கொடுக்கிறவர்களில் கம்பனிக் காசில் போகிற அதிகாரியும் இருக்கிறார், தன் நேரம் முதலாளியின் கையில் இருக்கிற தொழிலாளியும் இருக்கிறார். அதிகாரிக்கு அந்த விலை உறைக்காது.

அண்ணாவைக் கூட்டிவந்தது ‘டொய்ச்லான்ட் டிக்கெட்’. 2022 கோடையில் மூன்று மாதம் மட்டும் 9 யூரோ டிக்கெட் ஒன்று இருந்தது. அதன் தொடர்ச்சியாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு இது வந்தது, 2025இல் 58 ஆனது. மாதம் ஒரு தரம் கட்டினால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், ட்ராம் எல்லாவற்றிலும் போகலாம். விரைவு ரயிலில் மட்டும் ஏறேலாது. நினைத்த நேரம் வெளிக்கிடலாம், எப்போது பதிந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

“வெள்ளனவே எடுத்திருக்கலாமே” என்பது நல்ல புத்திமதிதான். அதைச் சொல்ல முதல், அந்த ஆளின் வேலை பிளான் எந்தக் கிழமை கையில் கிடைக்கிறது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.