கை காட்டினால் நிறுத்துங்கள்



சவுத்தாம்ப்டனில் மகள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. "ஊர் எப்படி இருக்கு சார், ஒரு போட்டோகூடப் போடலையே" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இது போட்டோவில் அடங்குகிற விஷயம் இல்லை. கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். வகுப்பில் தினமும் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நியூ ஃபாரஸ்ட் என்று ஒரு பெரிய காடு இருக்கிறது. பெயர்தான் புதிய காடு, வயது தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல். நம் ஊரில் மாடு திரிவதுபோல அங்கே மட்டக்குதிரைகள் சாலையோரம் மேய்ந்துகொண்டு நிற்கும். காட்டுக் குதிரைகள் என்று நினைத்தேன். இல்லையாம், ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. காட்டுக்குள் போகும் பல சாலைகளில் மணிக்கு 40 மைலுக்கு மேல் போகக் கூடாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனோம். மாப்பிள்ளை கார் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் மகளும், என் வீட்டம்மாவும், பதினோரு வயதுப் பேத்தியும். ஒரு குறுகலான சாலை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி. ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாகப் போகின்றன. மேலே இரண்டு பெண்கள், நம் ஊர்த் துப்புரவுப் பணியாளர்கள் போடுவதுபோல் பளிச்சென்ற மஞ்சள் மேற்சட்டை. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்து, நன்றாகப் பின்தங்கி, குதிரை நடக்கும் வேகத்துக்கே வந்துவிட்டார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, ஒரு ஹாரன் அடிங்க, ஒதுங்கிடுவாங்க" என்றேன்.

பின்னாலிருந்து பேத்தி "தாத்தா!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவனை அப்படி யாரும் அதட்டியதில்லை. ஹாரன் அடிக்கவே கூடாதாம், இன்ஜினை உறுமவிடவும் கூடாதாம். ஆறு மாதமாக அவள் குதிரையேற்றம் பழகுகிறாள், அந்த உரிமையில் வந்த அதட்டல் அது.

அப்போது வலப்பக்கம் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். எதிரே ஏதோ வண்டி வருகிறது, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை காரை நிறுத்தியே விட்டார்.

அந்தக் கை அசைவை நான் இதற்கு முன்னால் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஜெட்லாக் என்று மகள் நினைத்துக்கொண்டாள். வந்து மூன்று வாரத்துக்கு அப்புறம் என்ன ஜெட்லாக்!

முதலில் இங்கே உள்ள முறையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பத்துப் பதினைந்து பேர் வண்டி ஓட்டியே பிழைக்கிறவர்கள், உங்களுக்கு உதவும். இந்த நாட்டில் 'ஹைவே கோட்' என்று ஒரு சாலை விதிப் புத்தகம் இருக்கிறது. அதைப் படித்துத் தேறினால்தான் லைசென்ஸ். 2022 ஜனவரியில் அதில் சில மாற்றங்கள் செய்தார்கள். குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, அதாவது சுமார் 16 கிலோமீட்டர். குதிரைக்கும் காருக்கும் நடுவில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். யாரால் மற்றவருக்கு அதிக ஆபத்து வருமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்பதையும் அந்த மாற்றத்தில்தான் எழுதி வைத்தார்கள். லாரிக்காரருக்குக் காரைவிட, காருக்குக் குதிரையைவிட, குதிரைக்காரருக்கு நடந்து போகிறவரைவிட.

இரண்டு குதிரைகள் ஏன் பக்கம் பக்கமாகப் போகின்றன, சாலையை அடைத்துக்கொண்டு? எனக்கு அது திமிராகத்தான் பட்டது. பேத்தி விளக்கினாள். பழகாத குதிரையோ சின்னப் பிள்ளையோ இருந்தால் ஓரத்தில் விட்டு, கார் போகும் பக்கம் அனுபவசாலி வருவாராம். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் காருக்குக் கடக்க வேண்டிய தூரமும் கூடிவிடும். ஆனால் இரண்டுக்கு மேல் சேர்ந்து போகக் கூடாது. குறுகலான, நெரிசலான சாலையிலும் வளைவிலும் ஒற்றை வரிசைதான். (அப்படியென்றால் அந்தப் பெண்கள் வளைவுக்குப் பக்கத்தில் சேர்ந்து போனது சரியா என்று கேட்டேன். "அது அவங்க தப்புதான் தாத்தா" என்று ஒப்புக்கொண்டாள். நேர்மையான பிள்ளை.) பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் ஹெல்மெட் இல்லாமல் சாலையில் குதிரை ஏறக் கூடாது என்பது இங்கே சட்டமே.

கார் கடந்து போனதும் அந்தப் பெண்கள் கை எடுத்து நன்றி சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். அதற்கும் காரணம் உண்டாம். குதிரை மிரண்டிருந்தால் இரண்டு கையும் கடிவாளத்தில்தான் இருக்க வேண்டும்.

குதிரையின் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றி உள்ள எல்லாமே அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து திடீரென்று சத்தம் வந்தால் அது யோசிக்காது, ஓடும். புலிக்குத் தப்பிய பிராணி அப்படித்தான் இருக்கும். அரை டன் எடை ஒரே துள்ளலில் சாலையின் நடுவுக்கு வந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த முதல் துள்ளலைத் தடுக்க முடியாது.

இனி பழனிக்கு வருகிறேன்.

1984, ஐப்பசி மாதம். எனக்கு வயது இருபத்தாறு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். கடன் வாங்கி ஒரு பழைய ராஜ்தூத் வாங்கியிருந்தேன். அன்று பள்ளிக்கு ஆய்வாளர் வருகிறார். மழை பெய்து சாலை நனைந்து கிடந்தது, எனக்கு நேரமாகிவிட்டது. பழனியிலிருந்து ஆயக்குடி போகும் சாலையில் முன்னால் ஒரு குதிரை வண்டி. பழனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்கு அந்த வண்டிகள்தானே. அன்று சவாரி இல்லை, புல்லுக்கட்டு ஏற்றியிருந்தது.

வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரண்டு பக்கமும் பட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்தில் பார்த்து மிரளக் கூடாது என்பதற்காக. அதனால் பின்னால் வருவது எதுவும் அதற்குத் தெரியாது, காதுதான் எல்லாம். ராஜ்தூத்தின் சத்தம் நெருங்க நெருங்க அந்தக் காது இரண்டும் பின்னால் மடிவதைப் பார்த்தேன். வண்டிக்கார பாய் திரும்பி, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தார். மெதுவா, மெதுவா என்று.

எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. புரிந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே, ஆக்ஸிலேட்டரைத் திருகி, வண்டிக்கும் எனக்கும் ஒரு முழ இடைவெளியில் கடந்துபோனேன். கண்ணாடியில் பார்த்தபோது குதிரை முன்னங்காலைத் தூக்கிவிட்டது, ஒரு சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது, பாய் கீழே கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். எழுந்துவிட்டாரே என்று நான் போய்விட்டேன். ஆய்வாளர் அன்று பதினோரு மணிக்குத்தான் வந்தார்.

மறு திங்கட்கிழமை என் நாலாம் வகுப்பில் ஒரு பையன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அப்பாவுக்குக் கை ஒடிந்துவிட்டது, டீக்கடையில் கிளாஸ் கழுவப் போகிறான் என்று பக்கத்துப் பையன் சொன்னான். அந்த பாய் இவன் அப்பா என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து, "உக்காருங்க சார்" என்றார். டீ வந்தது. பையனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பேசினேன். படிப்பின் அருமையைப் பற்றி நன்றாகவே பேசினேன். அந்த ஹாரனைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்ற என் ராஜ்தூத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓட்றவங்களுக்கு அவசரம் இருக்கும் சார். குதிரைக்கு அது தெரியாதுல்ல" என்றார். அவருக்குத் தெரியுமா, பொதுவாகச் சொன்னாரா என்று நாற்பது வருஷமாக யோசித்திருக்கிறேன். பையன் அரைப் பரீட்சை முடிந்துதான் வகுப்புக்குத் திரும்பினான். எட்டாவதோடு நிறுத்திவிட்டான்.

நியூ ஃபாரஸ்ட் போய் வந்த பிறகு, உங்களில் வக்கீலாக இருக்கும் ஒரு மாணவியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். குதிரைக்காரர் கை காட்டினால் நிறுத்த வேண்டும் என்று நம் ஊரில் விதி ஏதாவது உண்டா அம்மா என்று. எனக்கு இருக்காது என்றுதான் எண்ணம். அரை மணியில் பதில் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 132. ஒரு விலங்கை ஓட்டிச் செல்பவர், வண்டியைக் கண்டு அது மிரண்டு கட்டுக்கடங்காமல் போய்விடும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், மோட்டார் வண்டிக்காரர் நிறுத்தி, தேவையான நேரம் நிற்க வேண்டும். அதற்கு முந்திய 1939 சட்டத்திலும் இதே விதி இருந்ததாம். ஆக நான் ஹாரன் அடித்த அன்றைக்கும் அது சட்டம். லைசென்ஸ் வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. வாத்தியார் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு எத்தனை கட்டுரைப் போட்டி வைத்திருப்பேன், நானும் யாருக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அந்தப் பையனைக் கூப்பிட்டேன். பையன் என்ன, ஐம்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார். பழனியில் ஆட்டோ ஓட்டுகிறார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்படா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும் சார். உங்க ராஜ்தூத் சத்தம் எங்க தெருவுக்கே தெரியுமே. அத்தாதான், வாத்தியார் வீடு தேடி வந்துட்டாரு, இனி அதப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னுட்டாரு."

எனக்கு வாய் வரவில்லை. அவரே பேசினார். "கை சரியாயிருச்சு சார். குதிரைதான் சரியாவல. பின்னால மோட்டார் சத்தம் கேட்டாலே நிக்காது. சவாரி ஏத்தப் பயந்துக்கிட்டு அடுத்த வருஷம் வித்துட்டாரு. அத்தா அழுது நான் பார்த்தது அன்னைக்கு ஒரு தடவதான்."

இது எனக்குத் தெரியாது. அந்தக் குதிரையைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததே இல்லை. பாய் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்றார்.

கோடை விடுமுறையில் கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் உங்களில் நிறைய. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய சாலையில் குதிரைகளும் கார்களும் ஒன்றாகத்தான் போகின்றன. குதிரைமேல் இருப்பது பெரும்பாலும் யார் வீட்டுக் குழந்தையோ, பயத்தில் சேணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கயிறு பிடித்து நடந்து வருபவர் சின்னப் பையனாக இருக்கலாம், கை காட்டுவது சைகையா சும்மாவா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நிறுத்திவிடுங்கள். கடக்கும்போது ஹாரன் வேண்டாம், கடந்த பிறகும் உடனே வேகம் எடுக்க வேண்டாம். பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் சத்தமே இல்லையே என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் வரும்வரை குதிரைக்குத் தெரியாமல் இருப்பதும் ஆபத்துதான்.

பேத்திக்கு வருகிற சனிக்கிழமை முதல் முறையாகச் சாலையில் சவாரி. இதுவரை மைதானத்துக்குள்தான் ஓட்டினாள். பயிற்சி தரும் அம்மா கார் பக்கம் வருவார், இவள் ஓரத்தில். மொத்தம் ஒரு மைல் தூரம். நான் எங்கே நிற்கலாம் என்று கேட்டேன். குதிரைக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில், கேட்டுக்கு முன்னாலேயே நில்லுங்கள், கையை வேகமாக ஆட்டாதீர்கள், குடை விரிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். வானிலையில் மழை என்று போட்டிருக்கிறது. குடை இல்லாமல்தான் நிற்கப் போகிறேன்.