எல்லைச்சாமிக்குக் கப்பலில் இடம் எங்கே?

விண்வெளியில் அலைந்து திரியும் ஓர் இனத்தைக் கற்பனை செய்து கொண்டுவா என்றால், பெரும்பாலானவர்கள் முதலில் கப்பலைத்தான் வரைவார்கள். எத்தனை கிலோமீட்டர் நீளம், எத்தனை தளம், எத்தனை பீரங்கி. பிறகு ஒரு ராஜா. பிறகு அழிந்துபோன ஒரு தாய்க் கிரகம், அதை நினைத்து அழுவதற்கு ஒரு பாட்டு. எங்கள் மேசையிலும் அப்படித்தான் ஆரம்பமானது.

எங்கள் மேசை என்றது ஜொகூரின் பாசிர் கூடாங்கில் என் அக்கா மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை. அவளும் அவள் கூட்டாளிகளும் சனிக்கிழமை இரவுகளில் கூடி, ஒரு கதையைச் சேர்ந்து விளையாடுகிறார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்டுத் தொடங்கிவைத்த வகை இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டி, வம்பில் மாட்டிக்கொள்வார்கள். 1977இல் வந்த 'டிராவலர்' அதே விளையாட்டை விண்வெளிக்குக் கொண்டுபோனது. இந்தப் பிள்ளைகள் புத்தகத்து விதிகளில் பாதியை விட்டுவிட்டு, பிரபஞ்சத்தையே சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆளுக்கோர் இனம். "மாமா, நாடோடிங்க மட்டும் பாக்கி இருக்காங்க, நீங்க எடுத்துக்குங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவனுக்குக் கப்பல் வராமலா போகும் என்ற எண்ணம்.

கூட்டத்தில் ஒரு தம்பி கணினி விளையாட்டில் ஊறியவன். 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் வரும் குவாரியன்களை எடுத்துக்காட்டினான். தாங்கள் செய்த இயந்திரங்களே விரட்டிவிட, ஒரு பெரும் கப்பல் கூட்டமாக வாழும் இனம் அது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து போனதால் எப்போதும் கவச உடைக்குள்ளேயே இருப்பவர்கள். இளையவர்கள் வெளியே போய், கூட்டத்துக்குப் பயன்படும் ஒரு பொருளோடுதான் திரும்ப வேண்டும். நல்ல கற்பனை, குறை சொல்வதற்கில்லை. இன்னொரு பெண் எங்கள் தாத்தா பாட்டிகள் வந்த 'ராஜூலா' கப்பலைச் சொன்னாள். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர். ஆனால் அதை நான் ஏற்கவில்லை. தோட்டத்துக்கு வந்தவர்கள் புலம்பெயர்ந்தவர்கள், நாடோடிகள் அல்லர். அவர்களுக்கு வீடு ஒரு கரையில், வேலை மறு கரையில். நாடோடிக்கு இரண்டும் காலடியில் இருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் கதையில் சோகம் கூடும், இனம் உருவாகாது.

நான் முதலில் கேட்ட கேள்வி வேறு: இவர்கள் அரிசியை யாரிடம் வாங்குவார்கள்?

பிள்ளைகள் சிரித்தார்கள். கப்பலிலேயே விளைவித்துக்கொள்வார்கள் என்றார்கள். அப்படி எல்லாவற்றையும் தானே விளைவித்துக்கொள்ளும் நாடோடி இனம் பூமியில் இருந்ததில்லை. மேய்ச்சல் நாடோடிகளை ஆய்ந்த அனடோலி கசானோவ் இதை ஒரு புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார். மந்தையை ஓட்டிப்போகிறவனுக்குத் தானியம் வேண்டும், இரும்பு வேண்டும், துணி வேண்டும். எல்லாம் உழுது குடியிருப்பவனிடம்தான் இருக்கிறது. அவனோடு வியாபாரம், அவனுக்குக் காவல், முடியாவிட்டால் அவனிடம் கொள்ளை. உறவு ஏதாவது ஒரு வகையில் இருந்தே தீரும். ஆகவே நாடோடி இனத்தைக் கற்பனை செய்கிறவன், நாடோடி அல்லாத இனத்தைத்தான் முதலில் கற்பனை செய்தாக வேண்டும்.

இதற்கு நான் மங்கோலியா வரை போகவில்லை. பாசிர் கூடாங் துறைமுகம் திறந்தது 1977இல். தொழிற்சாலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் வருவதற்கு முன்னால் இந்தக் கரையோரம் அலையாத்திக் காடு. ஓராங் செலேத்தார் மக்களுக்கு அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். 'பாவ் காஜாங்' என்ற படகுதான் வீடு. மேலே ஓலைக்கூரை, உள்ளே அடுப்பு, பிள்ளைகுட்டிகள். ஜொகூர் நீரிணையின் இரு கரைகளும் அவர்களுக்கு ஒரே ஊர். சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜே.டி. தாம்சன் 1847இல் அவர்களைப் பற்றி எழுதியபோது, சுமார் நாற்பது படகு, இருநூறு பேர் என்று கணக்குச் சொன்னார்.

ஒரு படகுக்கு ஐந்து பேர். என் இனத்தின் முதல் விதி அந்தக் கணக்கிலிருந்து வந்தது: பெரிய கப்பல் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு சிறு கலம், அவ்வளவுதான். சிறு கலம் எந்தச் சந்திலும் நுழையும். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் கலத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஓடைக்குப் போய்விடலாம். கோபம் தணிந்ததும் வந்து பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே பெருங்கப்பலில் அடைந்து கிடந்தால் அந்தச் சண்டைக்குப் போலீஸ் வேண்டும், சிறை வேண்டும், கடைசியில் ராஜா வேண்டும். ராஜா வந்துவிட்டால் அது நாடு. நகரும் நாடு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது விதி, இவர்களுக்கு வழி தெரியும். எந்த நீரேற்றத்தில் எந்த ஓடைக்குள் போகலாம், வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் எங்கே ஒதுங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தாம் கடலில் பிழைக்க முடியும். திக்குத் தெரியாமல் போகிறவன் தொலைந்துபோனவன். பிள்ளைகளின் வரைபடத்தில் கிரகங்களுக்குத்தான் பெயர் இருந்தது. நான் கிரகங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களுக்குப் பெயர் வைத்தேன். எரிபொருளாகும் பனிக்கட்டி மிதக்கும் இடம், கதிர்வீச்சுக்கு ஒதுங்கும் நிழல், இறந்தவர்களை விடும் இடம். மற்ற இனங்களின் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இந்தப் பெயர்கள் தெரிந்தவன்தான் வழிகாட்டி, வழிகாட்டிக்குத்தான் மரியாதை.

அந்த அறிவு ஓர் அரசியல் சொத்தும்கூட. மலாக்கா, ஜொகூர் சுல்தான்களின் கடற்படையே ஓராங் லாவுத் என்னும் கடல் மக்கள்தான். 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மாமூட் கொல்லப்பட்டதும், மலாக்காவிலிருந்து வந்த அரசவம்சம் அறுந்தது. பழைய வம்சத்துக்கே விசுவாசமாயிருந்த கடல் மக்களில் பலர் புது ஆட்சியோடு ஒட்டவில்லை. கொல்லப்பட்ட சுல்தானின் மகன் நான்தான் என்று ராஜா கெச்சில் வந்தபோது அவர் பக்கம் சாய்ந்தார்கள்; 1718இல் ஜொகூர் அவர் கையில் விழுந்தது. நிலத்தில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லாதவர்கள் ஓர் அரியணையின் கணக்கை மாற்றியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் கதை நடத்துகிற பெண் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த மூன்று மாதத்துக்கு அவளுக்குக் கதை கிடைத்துவிட்டது.

தொழில் என்ன கொடுப்பது என்பதில்தான் எனக்குக் கொண்டாட்டம். கப்பலை டோக்கில் ஏற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகு அதன் வயிற்றுக்கடியில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். பளபளவென்று துறைக்கு வந்த கப்பலின் அடியில் பச்சைப் பாசி, கொட்டலசு, கடல்நீரை உறிஞ்சும் வாயின் கம்பிகளுக்குள் அடைகட்டிய சிப்பிக் கூட்டம். இரும்பு அரிக்காமலிருக்கத் தன்னை அரிக்கக் கொடுக்கும் துத்தநாகக் கட்டிகள் சூப்பித் துப்பிய மிட்டாயாய் ஒட்டிக்கொண்டிருக்கும். காய ஆரம்பித்ததும் ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உயர் அழுத்தக் குழாயைத் தூக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இங்கே குப்பாங் என்று நாம் வாங்கிச் சாப்பிடும் பச்சைச் சிப்பியும் இருக்கும். தன் நூலால் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் வாழும் ஜீவன். ஆனால் பிடித்துக்கொண்டது கப்பலாக இருந்தால் உலகம் சுற்றிவிடும். ஆசியக் கடலுக்குரிய இந்தச் சிப்பி 1990இல் டிரினிடாட்டிலும், 1999இல் புளோரிடாவின் தாம்பா விரிகுடாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. தாம்பாவில் மின்நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

என் இனத்துக்கு அந்தத் தொழிலைக் கொடுத்தேன். விண்ணில் நிலைத்து நிற்கும் பெரிய நிலையங்களின் அடிவயிற்றைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, துத்தநாகம் மாற்றிவிட்டுப் போகிறவர்கள். எந்த நிலையத்துக்கு எந்த ஆண்டு வேலை வரும் என்பதே அவர்களுடைய பஞ்சாங்கம். ஜேம்ஸ் பிளிஷ் 1950களில் எழுதிய கதைகளில் நகரங்களே பெயர்ந்து பறந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகக் கூலி வேலை தேடிப்போகும். வறட்சிக் காலத்தில் ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வேலை தேடிப்போனவர்களைக் கேலியாக அழைத்த 'ஓக்கி' என்ற பெயரையே அந்த நகரங்களுக்கு வைத்தார். விண்வெளிக் கதை எழுதியவர்களில் கூலியின் அருமை தெரிந்த ஆள். வாளோடு வரும் நாடோடிகளைக் கண்டு சலித்துவிட்டது எனக்கு. சுரண்டியோடு வருகிறவர்கள் எங்கே?

பிறகு சாமி. அக்கா மகள்தான் கிளப்பினாள். "மாமா, இவங்களுக்கு எல்லைச்சாமி உண்டா?" எல்லையே இல்லாதவர்களுக்கு எல்லைச்சாமி எதற்கு என்று ஒருவன் மடக்கினான். அன்று இரவு விளையாட்டு நடக்கவில்லை, பேச்சுத்தான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முனியாண்டி இருந்தது நுழைவாயிலில், பெரிய மரத்தடியில். தோட்டத்தை விற்றுக் குடியிருப்புத் தாமான் கட்டியபோது லயத்துச் சனங்கள் சாமான்களைக் கட்டிய லாரியிலேயே சூலத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் வேறொரு மரம், அதற்கு அப்பால் காடு இல்லை, நெடுஞ்சாலை. சாமி அதையும் காத்தது. ஆக, எல்லை என்பது சாமி நிற்கும் இடம். எங்கள் முடிவு இப்படி ஆனது: ஒவ்வொரு கலத்திலும் காற்றறையின் வாசலில், உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே, சாமி நிற்கும். வெளியே வேலைக்குப் போகிறவர் தலைக்கவசத்தை மாட்டுவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்தவர் சாமிக்கு முன்னால்தான் முதல் மூச்சு விட வேண்டும். இந்த விளையாட்டில் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இதை ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

சட்டம் என்று வந்தபோது பெரிய விவாதமே இல்லை. கொலையைவிடப் பெரிய குற்றம் எது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பொதுக் காற்றில் கழிவைக் கொட்டுவது. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது இவர்கள் பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளையும் மூடினார்கள். காற்று என்பது யாரோ கொடுக்க வேண்டிய பொருள் என்பதை விண்வெளிக்குப் போகாமலே படித்தவர்கள் இவர்கள்.

இப்போது கதை வந்து நிற்கும் இடம்: நிலையத்தார் புதிதாக எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள். வழியின் ஒரு பாதி அந்தப் பக்கம். செலேத்தார் மக்களுக்கு நடந்ததும் அதுதான். 1924இல் தாம்போதி திறந்தபோது நீரிணை குறுக்கே அடைபட்டது. 1965க்குப் பிறகு சிங்கப்பூர்க் கரை வேறு நாடு. அவர்கள் பெயர் எதிர்க்கரையில் விமான நிலையத்துக்கு நிற்கிறது, மனிதர்கள் இந்தக் கரையில் கோலா மாசாய், தெலுக் ஜாவா போன்ற கிராமங்களில் நிலத்தில் குடியேறிவிட்டார்கள். விளையாட்டில் நிலையத்து அதிகாரி கேட்கிறார், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? அத்தாட்சி என்ன?" தங்கியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டால் தங்காமல் வாழ்ந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்? குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்த உறவினரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியில் நடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நிஜத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பாக்கார் பத்து, சுங்கை தெமோன் கிராமங்களைச் சேர்ந்த ஓராங் செலேத்தார் மக்கள் வழக்குத் தொடுத்து, 2017இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் தங்கள் பாரம்பரிய நில உரிமைக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்கள்.

நாடோடி இனம் ஒன்றைக் கற்பனை செய்ய விரும்பும் இளையோரே, கப்பலை வரைவதற்கு முன் ஒரு மாலை பாசிர் பூத்தே கரைக்குப் போய்வாருங்கள். எதிரே புலாவ் ஊபின் தெரியும், நடுவே சிப்பி வளர்க்கும் மிதவைகள் இருக்கும். யாராவது குப்பாங் விற்றால் வாங்குங்கள், விலை பேசாதீர்கள்.