திறந்த முற்றத்தில் ஒரு நாள்

புனே என்றதும் சனிவார்வாடா கோட்டையும் தகடூசேட் கணபதியும்தான் நினைவுக்கு வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் பல்கலைக்கழக வளாகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1848-லேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த சாவித்ரிபாய் பூலேயின் பெயர் கொண்ட பல்கலைக்கழகம் அது. அந்த வளாகத்திலேதான் 'ஐயூகா' என்னும் வானியல் மையம் இருக்கிறது.

1988-இல் தொடங்கிய இதன் முதல் இயக்குநர் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர். கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. கோயில் குளம்போல் படிகள் இறங்கும் முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரும் சிலையாக இருக்கிறார்கள்.

"நட்சத்திரத்தை ஆராய்கிற இடத்தில் குழந்தைகளுக்கு என்ன வேலை?" என்றுதானே கேட்கிறீர்கள்? அவர்களுக்கென்றே இங்கே ஓர் அறிவியல் கூடம் உண்டு. பெயர் 'முக்தாங்கண்'. திறந்த முற்றம் என்று பொருள். அரவிந்த் குப்தா 2003 முதல் 2014 வரை பணியாற்றிய இடம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இந்த எஞ்சினீயர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் பழைய செய்தித்தாளும் கொண்டே விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர்.

ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட நாளான பிப்ரவரி 28-இல் இந்த மையம் பொதுமக்களை வரவேற்கிறது. அன்றுதான் நாங்களும் போனோம். என் பெண் பத்தாவது படிக்கிறாள். "ப்ளஸ் ஒன்ல சயின்ஸ் வேண்டாம்மா, நெட்டுருப் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மார்க் குறையவில்லை, ஆசைதான் குறைந்துவிட்டது.

ஒரு மேஜையில் டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக்கம்பிச் சுருள். அவ்வளவுதான் மோட்டார்! இவள் கம்பி முனைகளை முழுக்கச் சுரண்டினாள். சுருள் ஆடியதே தவிர சுற்றவில்லை. அங்கிருந்த மாணவர் கையில் வாங்கிச் சரிசெய்யவில்லை. "ஒரு பக்கம் எனாமலை விட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். புதுக்கம்பியில் மூன்று பக்கம் சுரண்டி ஒரு பக்கம் விட்டாள். "சுத்துதும்மா!" என்று கத்தினாளே பார்க்கணும்! ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் மின்சாரம் நிற்காவிட்டால், முன்னால் தள்ளிய காந்தமே பின்னால் இழுத்துவிடும் என்பதை அவளே எனக்கு விளக்கினாள். 

புனே போக முடியாதவர்களுக்கும் கவலை வேண்டாம். குப்தாவின் பொம்மைகள் தமிழ் விளக்கத்தோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தாய்மார்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மோட்டார் சிக்கி நின்றால் செல்லும் கம்பியும் சூடாகும். உடனே சுருளை எடுத்துவிடுங்கள். சிறு காந்தங்களைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எண்ணி எடுத்துப் பூட்டி வையுங்கள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி, பிள்ளைகள் மேஜை முழுக்கக் குப்பை பரப்பினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. சுற்றாத மோட்டாரை நாமே சரிசெய்து கொடுத்துவிடாமல் இருந்தால் போதும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.