சாவிக்கும் ஒரு பூட்டு வேணும்!

பாப்பாரப்பட்டி என்றதும் பலருக்கு சுப்பிரமணிய சிவா நினைவிடம்தான் ஞாபகம் வரும். அந்த ஊரில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சர்வருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் லேப்டாப் ‘பாஸ்ஃப்ரேஸ்’ கேட்கிறது. “ஏம்மா, அதையே எத்தனை வாட்டி அடிப்ப?” என்கிறார் அம்மா.

எஸ்.எஸ்.ஹெச். என்பது தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டபோது, அங்கிருந்த டாட்டு யூலோனன் இதை உருவாக்கினார். இதில் சாவிகள் இரண்டு. பொதுச்சாவி சர்வரில் இருக்கும். ரகசியச்சாவி நம் லேப்டாப்பில் ஒரு ஃபைலாக இருக்கும். அந்த ஃபைலுக்கான பூட்டுதான் பாஸ்ஃப்ரேஸ். அது நெட் வழியே எங்கும் போகாது.

சலித்துப்போய், ‘பூட்டே வேண்டாம்’ என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆபீஸ் போகும் வழியில், பஸ்ஸில் லேப்டாப் பை காணாமல் போனால்? பூட்டில்லாத சாவி கிடைத்தவர் நேராக சர்வருக்குள் போய்விடலாம். அங்கே இருப்பது யார் யாருடைய தகவலோ! நல்ல பாஸ்ஃப்ரேஸ் இருந்தால், சர்வரிலிருந்து பழைய பொதுச்சாவியை நீக்கும் அவகாசமாவது கிடைக்கும்.

சலிப்புக்கு மருந்து ‘எஸ்.எஸ்.ஹெச். ஏஜென்ட்’. காலையில் ஒருமுறை பாஸ்ஃப்ரேஸ் சொன்னால் போதும். திறந்த சாவியை அது மெமரியில் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் நமக்காகப் பதில் சொல்லும். லினக்ஸில், ‘ஒரு மணி நேரத்துக்கு மட்டும்’ என்று கெடுவும் வைக்கலாம். மேக்கில் கீசெயினில் சேமிக்கலாம். இப்போதைய விண்டோஸில் ஏஜென்ட் கூடவே வருகிறது. பெரும்பாலும் அணைந்திருக்கும், ‘சர்வீசஸ்’ பகுதியில் போய் ஆன் செய்ய வேண்டும்.

ஏஜென்ட் வேலை செய்யும்போது லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். ஸ்கிரீனை லாக் செய்துவிட்டே டீ குடிக்கப் போங்கள்.

பாஸ்ஃப்ரேஸுக்குப் பிள்ளை பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு வார்த்தைகளைக் கோத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் ஓ.டி.பி. எதுவும் வராது, புதுச் சாவிதான் உருவாக்க வேண்டும். அதனால் ஒரு தாளில் எழுதி, நகையும் பத்திரமும் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்!